வலையில் வந்ததெல்லாம் மீன்

நம் தெருவில் என்னோடு ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர்களில் இன்னும் மிச்சம் இருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் எழுத்துக் கூட்டி எழுதுகிறவள். ஒரு பக்கம் முடிக்க ஒரு சாயங்காலம் ஆகிறது. மகள் வாங்கிப் பார்த்துவிட்டு, "நீ சொல்லும்மா, நான் எழுதுதேன்" என்றாள். எழுத்துப் பிழையை மட்டும் திருத்து, மற்றதில் கை வைக்காதே என்று சொல்லிவிட்டேன். என் வாயில் வந்ததை இன்னொருத்தர் மாற்றிச் சொன்னதெல்லாம் ஒரு தடவை போதும்.

நீங்கள் எல்லாரும் வலையில் வந்த அந்த ஆவுளியாவைத் தின்றவர்கள். மறந்திருப்பீர்கள். எனக்கு மறக்கவில்லை.

நாங்கள் இருந்த வீடு மாமியுடையது என்பது உங்களுக்குத் தெரியும். மாமி என்றால் அப்பாவுக்கு மூத்த அக்கா, அப்பாவைத் தூக்கி வளர்த்தவள். அவள் பேச்சை மீறி அப்பா ஒரு சட்டை வாங்கிப் போட்டதில்லை. மாமியின் புருஷன் கொழும்புக்கு ஓடுகிற தோணியில் வேலை. அந்த வருஷம் மழைக்கு முன்னால் வெங்காயமும் கருவாடும் ஏற்றிக்கொண்டு போன தோணி திரும்பி வரவில்லை. முங்கிப்போனது என்றும் யாரும் வந்து சொல்லவில்லை. காற்று தள்ளி எங்காவது தீவுப் பக்கம் ஒதுங்கியிருக்கும், தென்றல் பிடித்ததும் வந்துவிடும் என்றுதான் துறைமுகத்துக்குப் போய்வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். மாமியிடம் வேறு என்ன சொல்வது.

அதனால் அந்தத் தவசுக்காலத்தில் மாமி நேர்ந்துகொண்டாள். நாமெல்லாம் வெள்ளிக்கிழமை மட்டும் சுத்தபோசனம் என்று இறைச்சியை விலக்குவோம். மாமி சாம்பல் புதனிலிருந்து, இப்போது ஈஸ்டர் என்கிறார்களே, அந்தப் பாஸ்கு வரைக்கும் தினமும் சுத்தபோசனம். ஆடு, கோழி, மாடு, பன்றி எதுவும் நாக்கில் படக் கூடாது. மீன் தின்னலாம். அது கோயில் கொடுத்த சலுகை. நேர்ச்சை முறியாமல் இருந்தால் மனுஷன் வந்து சேருவார் என்பது அவளுக்கும் மாதாவுக்கும் இடையில் உள்ள பேச்சு. முற்றத்தில் அவருடைய வேட்டியைத் துவைத்துக் காயப்போடுவாள். உடுத்தாத வேட்டியைத்தான்.

தெருவைப் பார்த்த முன்னறையில் சீசா சார் குடியிருந்தார். கல்லூரியில் விலங்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறவர். ஏரல் பக்கத்து ஆள், மரக்கறி மட்டும்தான் தின்பார். வாழைத்தண்டு மாதிரி வெளுத்து, பேசும்போது எச்சில் விழுங்குவார். சின்ன வயசுதான், அன்றைக்கு எனக்குப் பெரிய ஆளாகத் தெரிந்தார். அறை முழுக்கக் கண்ணாடிச் சீசாக்கள். அதற்குள் மருந்துத் தண்ணீரில் ஊறுகிற ஜந்துக்கள். அந்த மருந்து வாடை கண்ணைக் கரிக்கும். அதற்காகவே இரண்டு வீட்டில் அவரைக் காலிபண்ணச் சொல்லிவிட்டார்கள். மாமி மட்டும்தான் இடம் கொடுத்தாள், அப்பாவும் கடலுக்குப் போய்விட்டால் ஆம்பிளை இல்லாத வீட்டில் முன்னால் ஓர் ஆள் இருக்கட்டும் என்று.

"பொணத்தை ஊறப்போட்டு வச்சிருக்கியளே, ராத்திரி எழும்பி வந்துராதா?" என்று கேட்பாள்.

"வந்தா உங்க கிட்டத்தான் வரும்மா. நான் மரக்கறி. எனக்கு ஆக்கத் தெரியாது" என்பார் அவர். மாமி அந்த வருஷம் சிரித்ததே அவரிடம் மட்டும்தான்.

எனக்கு யாரும் உட்கார வைத்துப் பாடம் சொல்லவில்லை. நான் அலமாரி துடைக்கப் போவேன். மாமி ஏவிய வேலை. கல்லூரிப் பையன்கள் பரீட்சைக்கு முன்னால் வந்து வராந்தாவில் உட்கார்ந்து கத்திக் கத்திப் படிப்பார்கள். துடைக்கிற துணியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே நிற்பேன். அந்த அலமாரியை இப்போதும் என்னால் அடுக்க முடியும். அடித்தட்டில் கடற்பஞ்சு. அதைச் செடி என்று நினைத்திருந்தேன், அதுவும் ஜந்து என்றார்கள். அதற்கு மேல் பட்டால் அரிக்கிற சொறியும், நாம் சுவர் கட்டுகிற முருகைக்கல்லும். பிறகு புழுக்கள். அதற்கு மேல் நண்டு, இறால். தோணி அடியில் ஒட்டிக் காலைக் கிழிக்குமே கொட்டலசு, அதைச் சிப்பிச் சாதி என்றுதானே நினைத்தோம், அது நண்டுக் கூட்டமாம். கால் கணுக் கணுவாக இருக்கிறது, ஓட்டை உடைத்துப் பார்த்தால் தெரியும். சங்கும் முத்துச்சிப்பியும் கணவாயும் ஒரு தட்டு. கடலட்டையை அட்டைகளோடு வைக்காமல் நட்சத்திர மீனோடு வைத்திருந்தார். ஆக மேலே முதுகெலும்பு உள்ளதெல்லாம். அந்தத் தட்டு எனக்கு எட்டாது. முக்காலி போட்டு ஏறுவேன். மீன், தவளை, கடல்பாம்பு, ஒரு காக்காய்க் குஞ்சு, கடைசியில் ஓரமாக ஒரு வௌவால்.

ஒரு பையன் திமிங்கலத்தை மீனோடு சேர்த்துச் சொன்னான். சார் அவன் தலையில் புத்தகத்தால் தட்டினார். "எங்க குடியிருக்குன்னு பாக்காதடே. எப்படிக் கட்டியிருக்குன்னு பாரு. மூச்சு எதுல விடுது? குட்டிக்குப் பால் குடுக்கா? குடுத்தா அது நம்ம கூட்டம். தண்ணிக்குள்ள கிடந்தாலும் நம்ம கூட்டம்தான்" என்றார். துணியோடு நான் அங்கேதான் நின்றேன்.

அப்பா சங்கு குளிக்கிறவர். சாயங்காலம் காதில் எண்ணெய் விட்டுக்கொண்டு படுத்திருக்கும்போது நான் கேட்டதையெல்லாம் சொல்வேன். சங்கும் கணவாயும் சொந்தம் என்றபோது எழுந்து உட்கார்ந்துவிட்டார். "ரெண்டும் பங்காளியா? ஒருத்தன் கல்லு வீடு கெட்டி உள்ள இருக்கான், இன்னொருத்தன் அம்மணமா அலையுதான். சொத்துத் தகராறு போல" என்றார். முருகைக்கல் ஜந்து என்று சொன்னதைக் குசினியிலிருந்து கேட்ட மாமி, "செவுத்துக்கும் உசிரு உண்டுன்னா இனி அதுக்கும் சேத்து உலை வைக்கணும். உங்கம்மையிட்டச் சொல்லு" என்றாள். அம்மா சிரிக்கவில்லை. மாமி வீட்டில் அம்மா சிரித்தால் ஏன் என்று கேள்வி வரும்.

வலை உதறிய கழிவைக் கரையில் கொட்டுவார்களே, அதில் நீங்கள் கூட்டாஞ்சோறு ஆக்கி விளையாடுவீர்கள். நான் தனியாகக் குந்தியிருந்து அலமாரி போடுவேன். கொட்டலசை நண்டோடு வைத்தேன் என்று என்னைக் கிறுக்கி என்றீர்கள். சொன்னவள் இப்போது திருச்செந்தூர் ரோட்டில் மகன் வீட்டில் இருக்கிறாள். அவளுக்கு நினைவிருக்காது. ஒரு நாள் சார் அந்த வழியே வந்தவர் நின்று பார்த்தார். மண்ணில் கிடந்த வரிசையைச் செருப்பு படாமல் சுற்றிக்கொண்டு போனார். அன்றைக்குச் சாயங்காலம் அப்பாவிடம், "பிள்ளையை அஞ்சோட நிறுத்திராதிங்க அண்ணாச்சி" என்றார்.

அப்பா மாமி முகத்தைப் பார்த்தார். மாமி வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னது சார் ஆயிற்றே. "பாஸ்கு கழியட்டும். மடத்துப் பள்ளிக்கூடத்துல ஆறாப்புச் சேத்து விடுதேன்" என்றார் அப்பா. அடுத்த வாரமே பாவாடைக்கு நீலத் துணி வாங்கி வந்தார். கஞ்சி விறைப்பும் சாயவாடையும் போகாத துணி. அம்மா அதைப் பெட்டியில் வைத்தாள். தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பெட்டியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு மூடுவேன். நம் தெருவில் ஆறாம் வகுப்புக்குப் போகிற முதல் பெண் நான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உங்களிடம் சொல்லவில்லை. துணி தைத்து உடுத்திக்கொண்டு வந்து காட்டலாம் என்று இருந்தேன்.

பாஸ்குவுக்கு முந்தி ஒரு வெள்ளிக்கிழமை. கரையில் கூச்சல் கேட்டு ஓடினோம். பெரிய வலையில் ஆவுளியா மாட்டியிருந்தது. புத்தகத்தில் கடற்பசு என்று போட்டிருக்கிறது, நாம் ஆவுளியா என்போம். இழுத்துப் போடும்போதே செத்துவிட்டது. எருமைக்கன்று அளவு, சாம்பல் நிறத்தில், உதட்டில் முள் முள்ளாய் மயிர். வெட்டினால் செக்கச் செவேல் என்று இருக்கும், மாட்டிறைச்சி தோற்றுப்போகும். அப்போது பிடிக்கக் கூடாது என்ற சட்டமெல்லாம் இல்லை. கடலுக்குப் போய்த் திரும்பாத ஆள் உள்ள வீட்டுக்குத்தான் முதல் கூறு என்பது நம் கரை வழக்கம். அதனால் கத்தி வைப்பதற்கு முன்னாலேயே மாமியைக் கூப்பிட்டுக் கிட்டத்தில் நிறுத்தினார்கள்.

வெட்டுகிறவர் கேட்டார், "உங்களுக்கு நேர்ச்சையாமே. இது ஆவுமா?"

"வலையில வந்ததெல்லாம் மீனுதான். ஆட்டுக் கிடையிலயா பிடிச்சிய? வெட்டுங்க" என்றாள் மாமி. எல்லாரும் சிரித்தார்கள். ஓலைப்பெட்டி வைத்துக்கொண்டு நின்ற உங்கள் அம்மாமாரும் சிரித்தார்கள். வெள்ளிக்கிழமைக்குக் கறி கிடைத்த சந்தோஷம்.

முன் துடுப்புக்கு அடியில் கத்தி இறங்கியது. இரத்தத்தோடு சேராமல் தனியாக, வெள்ளையாக, கெட்டியாக ஒன்று வழிந்து மணலில் இறங்கியது. பால். நான் மாமியின் சேலையை ஒட்டி நின்றேன். மாமி அதைப் பார்த்தாள். பிறகு வலது காலால் மணலைத் தள்ளி மூடினாள். பேச்சை விடவில்லை, யாரிடமோ தேங்காய் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே மூடினாள்.

தலையைச் சார் கேட்டு வாங்கிக்கொண்டார், கல்லூரிக்கு மண்டையோடு வேண்டும் என்று. வீட்டுக்குப் பின்னால் தகர டிரம்மில் வேகவைத்தார். மரக்கறிக்காரர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு கிண்டுவதைப் பார்க்கத் தெருவே வந்தது.

அன்று மத்தியானம் மாமிதான் ஆக்கினாள். மல்லியும் மிளகும் வறுத்து, தேங்காய் அரைத்து விட்டு. எல்லாரும் குசினியில் உட்கார்ந்தோம். மாமி முதல் துண்டை வாயில் போட்டாள், இரண்டாவதையும் போட்டாள். ஆசைப்பட்டுத் தின்றாள். அவள் அப்படித் தின்று பார்த்து மாதங்கள் ஆகியிருந்தன. எனக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. அலமாரியில் எந்தத் தட்டு என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தவள் வாய் விட்டுச் சொல்லிவிட்டேன். "மாமி, இது மீன் இல்ல. பால் குடுக்கிற கூட்டம். நம்ம கூட்டம்."

மாமியின் கை நின்றது. "யாரு சொன்னா?"

"சார் சொன்னாவ. குட்டிக்குப் பால் குடுத்தா மீன் கிடையாதாம். இதுக்குப் பால் வந்துச்சே, நாம பாத்தோமே மாமி."

பாத்தோமே என்று நான் சொல்லியிருக்கக் கூடாது என்பது இப்போது தெரிகிறது. அப்போது அது உண்மைக்கு இன்னும் ஒரு சாட்சி என்று நினைத்தேன்.

மாமி எச்சில் கையோடு எழுந்து போய் முன்னறைக் கதவைத் தட்டினாள். சார் வந்தார், கையில் கரித்துணியோடு. குசினி வாசலுக்குள் வராமல் நின்றார். "சார். இது மீனா, இறைச்சியா? நீங்க படிச்சவுக. சொல்லிட்டா நான் கேட்டுக்கிடுதேன்" என்றாள் மாமி. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. உதடுதான் கோணிக்கொண்டு போயிற்று.

அவர் தட்டைப் பார்த்தார். மாமியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. எச்சில் விழுங்கினார். "கடல்ல கிடக்கதெல்லாம் மீன் கணக்குத்தான்மா. நீங்க சாப்பிடுங்க" என்றார்.

"சார், நீங்கதான அந்த அண்ணன் தலையில தட்டினிய. எங்க குடியிருக்குன்னு பாக்காதன்னு சொன்னியளே" என்றேன்.

"அது வேற, பாப்பா. பிள்ளை எதையோ கேட்டுட்டுத் தப்பாப் புரிஞ்சிருக்கு" என்றார். போய்விட்டார்.

அப்பா கையைக் கழுவினார். துடைக்காமல் வந்து அந்த ஈரக் கையால் என் கன்னத்தில் அடித்தார். அதற்கு முன்னால் அவர் என்னை அடித்ததில்லை. "ஒரு மனுஷி புருசனுக்காகக் கும்பி காயுதா. அதுல மண்ணள்ளிப் போடுதியே" என்றார். மாமி திரும்பி வந்து உட்கார்ந்தாள். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. சட்டியிலிருந்து இன்னொரு துண்டு எடுத்து மாமி தட்டில் வைத்தாள். மாமி அதையும் தின்றாள். அது எனக்கு அடியைவிட வலித்தது.

பாஸ்கு வந்தது. தோணி வரவில்லை. பிறகு கோடை கழிந்து, துறைமுகத்தில் விசாரிக்கிறதையும் விட்டுவிட்டார்கள். வேட்டியை மடித்துப் பெட்டியில் வைத்த அன்று மாமி என்னைக் கூப்பிட்டு, "உன் நாக்குத்தான் அவுகள முக்கிச்சு" என்றாள். சண்டையாகச் சொல்லவில்லை, உப்பு குறைகிறது என்பதுபோல் சொன்னாள். அதனால்தான் வீட்டிலும் தெருவிலும் எல்லாரும் அதை நம்பினார்கள்.

பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் சார் ஒரு முறை அப்பாவிடம் வந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். "பிள்ளையை ஆறாப்புல சேக்கணும்னியளே அண்ணாச்சி" என்றார்.

அப்பா நிதானமாகத்தான் பதில் சொன்னார். "எதுக்கு சார்? கேக்கதைத் தப்பாப் புரிஞ்சிக்கிடுத பிள்ளை. நீங்கதான சொன்னிய. அதைப் படிக்க வச்சு என்ன ஆவப் போவுது?"

அவர் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். பிள்ளை சரியாத்தான் சொல்லிச்சு, நான்தான் மாத்திச் சொன்னேன் என்று. மாமி வீட்டில்கூட இல்லை, கோயிலுக்குப் போயிருந்தாள். கதவு இடுக்கில் அவருடைய தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தேன். அவ்வளவு நேரம் நான் வேறெதற்கும் காத்திருந்ததில்லை. "உங்க பிள்ளை, உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

குசினி வாசலில் அவர் சொன்னதை என்னால் பொறுக்க முடிகிறது. மாமியின் முகம் அப்படி இருந்தது. நானே பெரியவளாக அங்கே நின்றிருந்தால் அதையே சொல்லியிருப்பேனோ என்னவோ. ஆனால் இரண்டாவது தடவை வாயை மூடிக்கொண்டதற்கு இரக்கம் காரணம் இல்லை. சீசாக்களோடு இன்னொரு வீடு தேட அவருக்கு மனசில்லை.

நீலத் துணியை மாமி எடுத்து அவருக்கே கொடுத்துவிட்டாள். வெயில் பட்டால் சீசாவில் உள்ளது வெளிறிப் போகிறது என்று அவர் எப்போதோ சொல்லியிருந்தாராம். அம்மாதான் ஓரம் அடித்துக் கொடுத்தாள். அலமாரிக்குத் திரையாகத் தொங்கியது. நான் தொடர்ந்து துடைக்கப் போனேன். போகாமல் இருக்க முடியாது, ஏவியது மாமி. துணியை விலக்கித் துடைத்துவிட்டு மறுபடியும் இழுத்து மூடுவேன். சாயவாடை கொஞ்ச நாளில் போய் அந்த மருந்து வாடை ஏறிவிட்டது. பிறகு அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். அலமாரியும் திரையும் லாரியில் ஏறின. போகும்போது என் தலையில் கை வைக்க வந்தார். நகர்ந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு என் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். இறால் கம்பெனி. ஐஸ் தண்ணீரில் விரல் வெளுத்து, தலை கிள்ளி, ஓடு உரித்து, நரம்பு எடுத்து, கல்யாணத்துக்கு முன்னாலும் பிறகும் அதே வேலை. நான்காம் தட்டுக்காரர்களோடு என் ஆயுசு போயிற்று. அவர்களுடைய கால் கணுவை என்னைவிட அதிகம் எண்ணியவர்கள் கல்லூரியில் இருக்க மாட்டார்கள், ஆனால் அதை யாரும் படிப்பு என்று சொல்வதில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கு வேண்டியிருந்தது மேல்தட்டு. முக்காலி போட்டு ஏறுகிற தட்டு.

மாமி படுக்கையில் விழுந்தபோது நான்தான் பார்த்தேன். அம்மாவுக்கும் முடியவில்லை, வேறு யார் இருக்கிறார்கள். கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த ஒரு நாள் வாயைத் துடைக்க விடாமல் என் கையைப் பிடித்தாள். "ஏளா. அன்னைக்கிப் பால் வந்துச்சு, இல்ல?"

"வந்துச்சு மாமி."

"நான் பாத்தேன்."

"எனக்குத் தெரியும் மாமி. நீங்க மண்ணைத் தள்ளினிய."

பிடித்த கையை விட்டாள். "மீனுன்னு அந்த ஆளு சொன்னதும் வயிறு குளுந்து போச்சு" என்றாள். பிறகு கஞ்சிக்கு உப்புப் போடச் சொன்னாள். மன்னிப்பு என்ற பேச்சு அந்த வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை. எனக்கும் இல்லை. உப்புப் போட்டு ஊட்டினேன்.

போன மாதம் கோயில் பெண்களை வேனில் ஏற்றி, கடல் ஜந்துக்களை எல்லாருக்கும் திறந்து காட்டுகிற இடத்துக்குக் கூட்டிப் போனார்கள். உங்களில் மூன்று நான்கு பேர் கூட வந்தீர்கள். உள்ளே நீளமாய் அலமாரி. பஞ்சிலிருந்து தொடங்கி, அதே வரிசை. நான் முன்னால் நடந்தேன். அடுத்தது என்ன வரும் என்று ஒவ்வொரு தட்டிலும் எனக்குத் தெரிந்திருந்தது. கடைசியில் ஒரு கண்ணாடிப் பெட்டியில் முழு எலும்புக்கூடு. கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பெண் நின்றாள், என் பேத்தி வயசு இருக்கும். "இது என்னன்னு சொல்லுங்க பாப்பம், பாட்டி" என்றாள்.

"மீனு" என்றீர்கள் எல்லாரும், ஒரே குரலில்.

அவள் சிரித்தாள். "மீன் இல்ல பாட்டி. பாலூட்டி. குட்டிக்குப் பால் குடுக்கும். நம்ம கூட்டம்தான்."

"அப்படியா" என்றீர்கள். ஒருத்தி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். இதை அன்றைக்கே சொன்னவள் உங்கள் பக்கத்தில்தான் நின்றாள். ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டிக்குள் துடுப்பு எலும்பைப் பார்த்தேன். துடுப்பு என்றுதான் பெயர், உள்ளே ஐந்து விரல்.

மற்றவர்கள் ஆமையைப் பார்க்க நகர்ந்ததும் நான் நின்றேன். அந்தப் பெண், "பாட்டி, ஏதாவது கேக்கணுமா?" என்றாள்.

"காது மந்தம்மா. இப்பம் சொன்னியே, அதை இன்னொரு மட்டம் சொல்லு" என்றேன். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

அவள் குனிந்து, என் காதுக்குப் பக்கத்தில் வந்து, உரக்கச் சொன்னாள். அந்தக் கூடம் முழுக்கக் கேட்டது. யாரும் அவளை அடிக்கவில்லை.